ஷாக் அப்சார்பரில் ஆயில் தெரிகிறதா? ஒழுகலா, வியர்வையா என்று கண்டுபிடிக்கும் முறை

கரடுமுரடான பாதையில் ஓடிவிட்டு வந்த நாலு சக்கர டிரைவ் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால், நாலில் ஒரு ஷாக்காவது எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணுமாகத்தான் இருக்கும். பார்த்த உடனே "ஷாக் போச்சு" என்று கழற்றிப் போடுபவர்கள் உண்டு. கீழ்ப் புஷ்ஷில் (அடி முனையில் இருக்கும் ரப்பர் உருளை) ஆயில் சொட்டும்போதும் "சும்மா ஈரம்தான்" என்று ஓட்டிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. முதல் வகைக்குக் காசு வீண். இரண்டாவது வகைக்கு டயர், புஷ், சில சமயம் பிரேக்கும் சேர்ந்து போகும்.

இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் தேட வேண்டும்: இது உண்மையிலேயே ஒழுகலா? ஒழுகல் என்றால், சீல் (ராடு, அதாவது ஷாக்கின் உள்ளே போய்வரும் கம்பி, வெளியே வரும் வாயில் ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) ஏன் போனது? இரண்டாவதை விட்டுவிட்டுப் புது ஷாக் மாட்டினால், அதே காரணம் புது சீலையும் தின்றுவிடும்.

ஈரம் எல்லாம் ஒழுகல் இல்லை

சீலின் ரப்பர் உதடு வறண்ட ராடின் மேல் உரசினால் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறை ராடு வெளியே வரும்போதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆயில் படலம் அதோடு வெளியே வரும்; உள்ளே போகும்போது பெரும்பகுதி திரும்பிவிடும். மிச்சம் சூட்டில் ஆவியாகி, ஷாக்கின் மேல் பகுதியில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் வியர்வை என்கிறோம்.

வியர்வை மங்கலாக இருக்கும். சீலிலிருந்து கீழே உடம்பின் மேல் மூன்றில் ஒரு பங்கோடு பெரும்பாலும் நின்றுவிடும். விரலால் தேய்த்தால் கறுப்பாக ஒட்டும், ஆனால் விரல் நனையாது. ஒழுகல் பளபளக்கும். அதற்கு மேலிருந்து கீழாக ஒரு தடம் இருக்கும், அந்தத் தடத்தில் மண் சேறு போலக் குழைந்திருக்கும், கீழ்க் கண் (போல்டு நுழையும் வளையம்) புஷ்ஷைச் சுற்றியோ ஸ்பிரிங் தட்டின் அடியிலோ ஈரம் தேங்கியிருக்கும். சொட்டு தொங்கினால் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில மோனோட்யூப் ஷாக்குகளை (ஒரே குழாய்க்குள் ஆயிலும் அழுத்தத்தில் காஸும் உள்ளவை) தலைகீழாக, உடம்பு மேலே, ராடு கீழே வருமாறு மாட்டியிருப்பார்கள். அவற்றில் சீல் அடியில் இருப்பதால் ஒழுகும் ஆயில் உடம்பில் படாமல் நேராக ராடிலும் கீழ்க் கண்ணிலும் இறங்கிப் போய்விடும். உடம்பு காய்ந்திருக்கிறதே என்று நம்பி ஏமாறக் கூடாது.

அது ஷாக் ஆயில்தானா?

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்றில் பின்னோக்கியும் பறக்கும். எனவே நனைந்த இடத்தைப் பார்க்காமல், நனைந்திருப்பதிலேயே மிக உயரமான, மிக முன்னே இருக்கும் புள்ளியைத் தேடுங்கள். அது ராடு சீலுக்கு மேலே இருந்தால் ஷாக் குற்றவாளி இல்லை.

பின் ஆக்சிலில் அடிக்கடி மாட்டுவது ஆக்சில் சீல். டிஃபரன்ஷியல் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை வீசும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. சக்கரத்தின் உட்பக்கம் முழுக்க விசிறியடித்தது போல ஈரம் இருந்தால் சக்கரப் பக்கம்தான் தேட வேண்டும். முன்பக்கம் மூடிய நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) உள்ள ஆக்சில் என்றால், உருண்டையின் சீல் போனதும் கிரீஸும் டிஃபரன்ஷியல் ஆயிலும் கலந்த கறுப்புக் கூழ் வெளியே வரும். ஷாக் ஆயில் இப்படி இருக்கவே இருக்காது. மெல்லியதாக, தண்ணீர் மாதிரி ஓடும்.

பிரேக் ஆயில்தான் கவலைப்பட வேண்டியது. சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை எடுத்து மூடியில் உள்ள தண்ணீரில் விடுங்கள். வழக்கமான கிளைகால் வகை பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், ஷாக் ஆயில் மிதக்கும். கலந்துவிட்டால் ஷாக்கை மறந்துவிட்டுக் காலிப்பரையும் ஹோஸையும் பாருங்கள், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் ஷாக் ஆயிலுக்குச் சிவப்புச் சாயம் சேர்க்கிறார்கள். பவர் ஸ்டியரிங் ஆயிலும் பல வண்டிகளில் சிவப்புதான். பழைய ஷாக் ஆயில் உலோகத் துகள் கலந்து சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்பு மெழுகு அடித்திருந்தால், அதுவும் வெயிலில் உருகி ஒழுகல் போலவே தெரியும்.

துடைத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பது

முடிவைச் சொல்வது இந்தச் சோதனைதான். தேவையானவை: பிரேக் கிளீனர் ஒரு டப்பா, நைலான் பிரஷ், நூல் பிரியாத துணி, முகப் பவுடர், மார்க்கர், டார்ச்.

மண்ணை முதலில் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை சீலுக்கு நேராகப் பிடித்தால், மண்ணைத் தடுக்கும் வைப்பர் உதட்டுக்கு அடியிலேயே மண்ணைத் திணித்துவிடும். நல்ல ஷாக்கையும் ஒழுக வைக்க அது போதும். கிளீனரை சீலில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்கவும். ராடில் கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் படக் கூடாது.

நன்றாகக் காய்ந்த பிறகு, சீலிலிருந்து உடம்பின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மார்க்கரால் சுற்றி ஒரு கோடு. உடம்பு முழுக்கப் பவுடர் தடவி, அதிகமானதை ஊதிவிடுங்கள். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 20-30 கி.மீ. சாதாரண ரோட்டில் ஓட்டிவிட்டு, அதே கோணத்தில் இன்னொரு படம். பிறகு தண்ணீர், சேறு இல்லாத கரடுமுரடான பாதையில் சிறிது தூரம் ஓட்டி மூன்றாவது படம்.

பவுடர் வெள்ளையாகவே இருந்தால் பழைய பிசுக்கைத்தான் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். சீலைச் சுற்றி மட்டும் மங்கலாக ஒரு வளையம் என்றால் வியர்வை. அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டி ஒரு தடம் இறங்கியிருந்தால் ஒழுகல். தடம் சீலின் ஒரே பக்கத்திலிருந்து மட்டும் இறங்குகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் என்றால் ராடு வளைந்திருக்கலாம், அல்லது மவுண்டிங் கோணலாக இழுக்கிறது.

ஷாக் இன்னும் வேலை செய்கிறதா?

பம்பரை அழுத்தி விட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை எல்லோருக்கும் தெரியும். இந்த வகை வண்டிகளில் அது பெரும்பாலும் பொய் சொல்லும். லீஃப் ஸ்பிரிங் என்றால் அதன் பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசுவதே ஆட்டத்தை அடக்கிவிடும், கனமான ஸ்பிரிங்கைக் கையால் அழுத்தவும் முடியாது. ஆயில் முழுக்கப் போன ஷாக்கும் இதில் பாஸ் ஆகிவிடும்.

நம்பகமானது வெப்பச் சோதனை. ஷாக்கின் வேலையே அசைவை வெப்பமாக மாற்றுவதுதான். வேலை செய்யாத ஷாக் சூடாகாது. 10-15 நிமிடம் குலுங்கும் பாதையில் ஓட்டி நிறுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் ஒரே ஆக்சிலின் இடது, வலது ஷாக்குகளை ஒரே உயரத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்கவும். முன்னையும் பின்னையும் ஒப்பிட்டால் அர்த்தமில்லை. ஒன்று 60 டிகிரியும் ஜோடி 38 டிகிரியும் காட்டினால், குளிர்ந்திருப்பதுதான் செத்தது. சூடாக இருப்பதைக் குறை சொல்லிக் கழற்றிவிடாதீர்கள். அது இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம். அலுமினியம் அல்லது குரோம் பூசிய பளபளப்பான உடம்பில் இந்தத் தெர்மாமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இரண்டு ஷாக்கிலும் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும். சைலன்சர் குழாய் பக்கத்தில் ஓடும் ஷாக் எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்று முழுக் கையால் பிடிக்காதீர்கள், நல்ல ஷாக் கையைச் சுட்டுவிடும்.

ஓட்டும்போது தெரியும் அறிகுறிகளில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று. காலையில் கெட்டியாக இருந்து, நீண்ட அலை அலையான மண் ரோட்டுக்குப் பிறகு மெத்தென்றாகி, ஆறியதும் பழையபடி ஆகிவிட்டால் அது சூட்டில் ஆயில் இளகியதாலோ நுரைத்ததாலோ வந்தது. எப்போதுமே மெத்தென்று இருந்தால் ஆயிலோ காஸோ வெளியே போயிருக்கிறது. டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். விளிம்பில் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் தரையில் துள்ளிக்கொண்டே வந்திருக்கிறது என்று பொருள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதை மட்டும் ஷாக்கின் தலையில் போடாதீர்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங், சாய்ந்தால் அதைப் பாருங்கள்.

கழற்றிப் பார்ப்பது

சமதளம், சக்கரத்துக்கு முட்டு, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு, ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஜாக்கி. காயில் ஸ்பிரிங் உள்ள ஆக்சிலில் பல வண்டிகளில் ஷாக்தான் ஆக்சில் கீழே இறங்கும் எல்லை. ஜாக்கி இல்லாமல் போல்டை உருவினால் ஆக்சில் தொப்பென்று இறங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங்கும் தெறிக்கலாம். ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட் வகையை முறையான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் பிரிக்கவே கூடாது. அந்த மேல் நட்டுக்குப் பின்னால் இருக்கும் விசை ஆளையே கொல்லும்.

ட்வின்ட்யூப் ஷாக்கை (குழாய்க்குள் இன்னொரு குழாய் உள்ள வகை) அது வண்டியில் நிற்கும் நிலையிலேயே செங்குத்தாகப் பிடித்து, நாலைந்து முறை முழுதாக இழுத்து அழுத்துங்கள். படுத்துக் கிடந்திருந்தால் முதல் இரண்டு இழுப்பில் வெற்றிடம் தெரிவது இயல்பு. அதற்குப் பிறகும் திசை மாறும் இடத்தில் ஓரிரு செ.மீ. "லொட்" என்று சும்மா ஓடினால் ஆயில் குறைந்திருக்கிறது. இழுக்கும்போது அழுத்துவதைவிடக் கடினமாக இருப்பது பெரும்பாலான ஷாக்குகளில் சரியான நிலைதான்.

மோனோட்யூபில் வேறு கணக்கு. உள்ளே நைட்ரஜன் சுமார் 25 பாரில் இருந்தால், 14 மி.மீ. ராடின் முனையில் அது ஏறக்குறைய 39 கிலோ தள்ளும். அதனால் அழுத்தி விட்டால் ராடு தானே முழுதாக வெளியே வர வேண்டும். வராமல் கிடந்தால் காஸ் போய்விட்டது. காஸ் போக ஒரு சொட்டு ஆயிலும் வெளியே வந்திருக்க வேண்டியதில்லை. காஸுக்குப் பதிலாக உள்ளே ஃபோம் வைத்த ஷாக்குகள் தானே நீளாது. அது கோளாறு இல்லை.

தனி டேங்க் உள்ள ஷாக்குகளில் ராடு சீலோடு ஹோஸ் பிட்டிங், டேங்க் மூடியின் ஓ-ரிங், காஸ் வால்வு, அட்ஜஸ்டர் திருகு ஆகிய இடங்களையும் பவுடர் தடவிப் பார்க்க வேண்டும். ஹோஸ் உராய்ந்து தேய்ந்த இடம் எப்போதும் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத பக்கம்தான். டயர் கேஜை வைத்துக் காஸ் அழுத்தத்தைப் பார்க்கப் போகாதீர்கள். டேங்கில் இருப்பதே கொஞ்சம் காஸ், கேஜின் குழாய் நிரம்பும்போதே அழுத்தம் கணிசமாக இறங்கிவிடும். நைட்ரஜன் சிலிண்டரும் அதற்கான கேஜும் இருக்கும் இடத்தில்தான் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்று அடித்தால் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து உள்ளே போகும்.

சீல் ஏன் போனது?

ராடை முழுதாக வெளியே இழுத்து, சுத்தமாகத் துடைத்து, நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டுங்கள். வெளிச்சத்தை ராடுக்குக் கிடையாகச் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் நிழலோடு தெரியும். நகம் ஓரிடத்தில் மாட்டினால் போதும், அந்த விளிம்பு ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலைச் சீவிக்கொண்டிருக்கிறது. நகம் மாட்டும் இடம் ராடில் எங்கே இருக்கிறது என்பதும் கதை சொல்லும். டயர் பக்கம் பார்த்த முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் என்றால் கல்லடி. கல் தடுப்பு இல்லாததே காரணம். மேல் நுனியை ஒட்டி எதிரெதிராக இரண்டு வரிசைப் பல் தடம் தெரிந்தால், யாரோ மேல் நட்டை இறுக்கும்போது ராடு சுற்றாமல் இருக்க பிளையரால் பிடித்திருக்கிறார்கள். பெரிய பள்ளத்தில் ஷாக் முழுதாக அழுந்தும் அன்று அந்தப் பல் தடம் சீலுக்குள் போய்விட்டு வரும், அத்தோடு சீல் முடிந்தது. ராடின் நுனியில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடமோ அறுகோணமோ விட்டிருப்பார்கள், அதைத்தான் பிடிக்க வேண்டும்.

துருப்புள்ளிகள் இருந்தால் ராடை மூடும் ரப்பர் உறையைச் சந்தேகப்படுங்கள். கிழிந்த உறை, இல்லாத உறையைவிட மோசம். சேறு உள்ளே போகும், வெளியே வராது. ஈரமண் ராடிலேயே ஒட்டிக் கிடந்து குரோமைத் தின்னும்.

ராடு சுத்தமாக இருந்தும் சீல் போயிருந்தால் அளவுகளைப் பார்க்க வேண்டும். வண்டியை உயர்த்தி ஸ்பிரிங் மாற்றியவர்களிடம் இதுதான் அதிகம். ஷாக் குட்டையாக இருந்தால் சக்கரம் தொங்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் உள்பக்கம் சீல் தாங்கியில் போய் இடிக்கும். நீளமாக இருந்தால், பம்ப் ஸ்டாப்பர் (ஆக்சில் மேலே ஏறும் எல்லையில் இருக்கும் ரப்பர் முட்டு) தொடுவதற்கு முன்பே ஷாக் அடியில் முட்டிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க விலையில்லாத கருவி ஒரு நைலான் டை. ராடின் மேல் வழுக்கிக்கொண்டு நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, வாலை வெட்டிவிட்டு, சீலை ஒட்டித் தள்ளி வையுங்கள். ஷாக் அழுந்தும்போது உடம்பு டையை மேலே தள்ளும். நீளும்போது டை அங்கேயே நின்றுவிடும். ஒரு முழுநாள் ஓட்டத்துக்குப் பிறகு டைக்கும் மேல் மவுண்டிங்குக்கும் நடுவே மிச்சமிருப்பதுதான் பயன்படாத தூரம். 10-15 மி.மீ.யாவது மிஞ்சவில்லை, அல்லது டையே நசுங்கி உடைந்திருக்கிறது என்றால் பம்ப் ஸ்டாப்பரை உயர்த்தாமல் புது ஷாக் மாட்டுவது வீண். மறுபக்க எல்லைக்கு, சேஸிஸைத் தூக்கி ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஷாக்கே முழு எடையையும் இழுத்துப் பிடித்து நின்றால் தொங்கலைக் கட்டுப்படுத்தும் பட்டை போட வேண்டும், அல்லது நீளமான ஷாக் வேண்டும்.

மாற்றும்போதும் மாற்றிய பிறகும்

உடம்பின் வாயைச் சுருட்டி மூடிய ஷாக்கைப் பழுதுபார்க்க முடியாது. மூடியைத் திருகிக் கழற்றும் வகையில் சீல், வைப்பர், ஓ-ரிங், ஆயில் எல்லாம் மாற்றலாம். ஆனால் ராடில் நகம் மாட்டினால் ராடையும் மாற்றினால்தான் அந்த வேலைக்கு அர்த்தம். ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்; ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டி கோணலாக இழுக்கும்.

புது ட்வின்ட்யூப் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து முறை அழுத்தி இழுத்து உள்ளே சேர்ந்த காற்றை மேலே ஏற்றிவிட்டு மாட்டவும். அந்த வகையைத் தலைகீழாக மாட்டக் கூடாது. மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன் வேண்டாம், ராடையே சுற்றிவிடும். கண் புஷ் போல்டுகளைக் கையால் கூட்டி வைத்து, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க்குக்கு (இறுக்கும் அளவு) இறுக்கவும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

பாதையின் நடுவில் ஷாக் ஒழுக ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் எங்கே சொட்டுகிறது என்பதை. பிரேக் டிஸ்க்கில் படுகிறதென்றால் நிறுத்தித் துடைக்க வேண்டும். ஆயில் ஊறிய பேடை மாற்றத்தான் வேண்டும். டிஸ்க்கும் சைலன்சரும் தப்பித்தால், வேகத்தை நன்றாகக் குறைத்து, டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, அலை ரோட்டில் அடிக்கடி நிறுத்தி மற்ற ஷாக்குகளை ஆறவிட்டு வெளியே வந்துவிடலாம். ராடு முறிந்து ஆடினால் அந்த ஷாக்கை முழுதாகக் கழற்றி உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்; ஆடும் துண்டு பிரேக் பைப்பைக் குத்தும்.

மாற்றிய பிறகு முதல் 100 கி.மீ.யில் போல்டுகளை ஒருமுறை டார்க் பாருங்கள். புது ஷாக்கில் முதல் சில நாட்களில் சீலை ஒட்டி லேசான ஈரம் தெரியலாம், அது தொழிற்சாலையில் சீல் பொருத்தும்போது தடவிய ஆயில். துடைத்துவிட்டுப் பவுடர் தடவி, மார்க்கர் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பழைய காஸ் ஷாக்கை அறுப்பதோ வெல்டிங் வைப்பதோ நெருப்பில் போடுவதோ கூடாது. தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், சொன்ன முறையில் காஸை வெளியேற்றிய பிறகே பழைய இரும்புக்குப் போட வேண்டும்.